ஜப்பான் நடுக்கத்துக்கு ஹட்டனில் வாங்கிய மேசை

மார்ச் கடைசியில் இரண்டு வார விடுப்பில் துறையூருக்கு வந்திருந்தேன். அதில் நான்கு நாளைத் திருடி இலங்கை மலையகத்துக்குப் போய்வந்த கதை இது. தேயிலைத் தோட்டம் பார்க்க வேண்டும், குளிரில் நடக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். ஜப்பானில் இல்லாத குளிரா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பான். ஒரு மேசையின் நான்கு கால்களுக்கு அடியில் நான்கு ரப்பர் துண்டுகளை ஒட்டிவிட்டு வரத்தான் போனேன்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவுக்கு வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே பராமரிப்பு வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் தர்ஷினி, இருபத்து நான்கு வயது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பெண் என்றே நினைத்தேன். இல்லை, ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயா, அதற்கும் அப்பால் ஒரு தோட்டம் என்றாள். அவள் முன்னோர் எங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்குப் போனவர்கள்தான். எந்த ஊர் என்று மட்டும் அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவள் வந்த இரண்டாம் மாதம் ஒரு மதியம் கட்டடம் ஆடியது. அங்கே அது சாதாரணம். எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறும், விளக்குகள் ஊசலாடும், பிறகு நின்றுவிடும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்த பெரியவர்கள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரியதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பினார்கள். தர்ஷினி மட்டும் நடுக்கூடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு பயிற்சியிலும் அவள்தான் முதல் ஆள். குனி, மேசைக்கு அடியில் போ, காலைப் பிடித்துக்கொள், தலையை மறை. எண்பது வயதுக்காரர்களையும் அதட்டி உருட்டிச் செய்யவைப்பாள்.

பயம் போனதும் கவலை வந்தது. எங்கள் லயத்து வீட்டில் ஒளிவதற்கு ஒரு மேசைகூட இல்லை அக்கா என்று ஒருநாள் சொன்னாள். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, ஹட்டனில் ஒரு தளபாடக் கடையில் சொல்லி, நல்ல கெட்டி மரத்தில் அம்மாவுக்கு மேசை செய்து அனுப்பவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ அழைப்பில் அம்மாவுக்குப் பயிற்சி. அம்மா மேசைக்கு அடியில் போய்க் காலைப் பிடித்துக் காட்டினால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும். அதிர்வில் மேசை வழுக்காமல் இருக்க, ஜப்பானியக் கடையில் விற்கும் ஒட்டும் ரப்பர் துண்டுகளை வாங்கி என் பெட்டியில் வைத்தாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விசா அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். ஹட்டனுக்கு ரயிலில் போக வேண்டும் என்றுதான் எல்லோரையும் போல நானும் ஆசைப்பட்டேன். ஆனால் நான் போனபோது நேர அட்டவணையை நம்ப முடியவில்லை. மழை பெய்து மண் சரிந்தால் பாதை மூடிவிடுவார்கள் என்றார்கள். அதனால் சனிக்கிழமை காலை எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்தேன். கட்டணம் 780 ரூபாய். இனி வரும் எல்லாத் தொகையும் இலங்கை ரூபாய்தான். சுமார் 125 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்.

கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காடு, ஆறு, குளிர்ந்த காற்று என்று மனம் லேசாகிக்கொண்டே வந்தது. கினிகத்தேனைக்கு மேலே போனதும்தான் கவனித்தேன். பச்சை மலைகளில் அங்கங்கே மேலிருந்து கீழ்வரை சிவப்பாக ஒரு கீறல். பழைய சரிவுகளில் புல் முளைத்திருந்தது, புதியவற்றில் மண் ஈரமாகவே இருந்தது. சில இடங்களில் சரிவின் ஓரத்திலேயே வீடு, கொடியில் துணி. ஜப்பானில் ரயில் பாதைக்கு மேலே இப்படி ஒரு சரிவு இருந்தால் மலைக்கே கான்கிரீட்டில் கட்டம் போட்டுச் சட்டை மாட்டிவிட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கீழே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இங்கே மலை அழகாக இருக்கிறது.

ஹட்டனில் பேருந்து நிலையத்துக்கு மேல் தெருவில் ஓர் அறை எடுத்தேன். சுடுநீருடன் இரவுக்கு 4,500. ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஒரு முச்சக்கர வண்டி பிடித்தேன். தோட்டம் பதினொரு கிலோமீட்டர், கடைசி மூன்று கிலோமீட்டர் சாலை என்று சொல்ல முடியாது. போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்து 4,000 பேசினோம். ஓட்டுநர் பெயர் மகேந்திரன், டிக்கோயாக்காரர், பேச்சு நிற்காத மனிதர். நான் ஜப்பான் என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, அங்கே பூமி எப்படி ஆடும் என்று விசாரித்தார். இங்கே ஆடியதுண்டா என்று நான் கேட்டேன்.

"ஒரு வாட்டி ஆடுச்சுங்க மிஸ். சின்னதா. கூரைத் தகரம் கடகடன்னுச்சு, ஏதோ கொரங்கு ஓடுதுன்னு நெனச்சிட்டோம்" என்றார். "எங்களுக்கு ஆடுற பயம் இல்லைங்க. மழை பெஞ்சா வர்ற பயந்தான்."

லயம் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடு. ஒரே நீளச் சுவர், ஒரே தகரக்கூரை, நடுவில் தடுத்துத் தடுத்து அறைகள், அவர்கள் பேச்சில் காம்பரா. தர்ஷினியின் லயத்தில் ஆறு காம்பரா, ஆறு குடும்பம். கருங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய சுவர். தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் கல்லும் பழைய டயரும். லயத்தின் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மலையை வெட்டிய மண்மேடு, அதற்கு மேல் தேயிலை, அதற்கும் மேல் உயரமான மரங்கள்.

தர்ஷினியின் அம்மா புஷ்பராணி வாசலில் நின்றிருந்தார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். கையைப் பிடித்தவர் விடவேயில்லை. முதலில் மிஸ் என்றார், தேத்தண்ணி ஆறுவதற்குள் தங்கச்சி ஆகிவிட்டேன். மகளுக்கு நான் அக்கா, அம்மாவுக்குத் தங்கச்சி. உறவுமுறை இடிக்கிறதே என்று கிண்டல் செய்தேன். "அன்புக்கு என்னங்க கணக்கு" என்று சிரித்தார். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் இவர் தனியாகத்தான்.

உள்ளே போனதும் மேசையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை. காம்பராவின் முன்பகுதியில் முக்கால்வாசி அதுதான். கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்களாம், நான்கு பேர் தூக்கியும் ஒருவர் விரல் நசுங்கியதாம். மேலே பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் தர்ஷினி ஜப்பானிய உடையில் நிற்கும் படம். புஷ்பராணி அதில் சாப்பிடுவதில்லை, ஒரு பாத்திரம்கூட வைப்பதில்லை. அடிப்பக்கத்தை மட்டும் தினமும் பெருக்கித் துடைத்து, ஒரு தலையணையும் போட்டு வைத்திருந்தார். பக்கத்துக் காம்பரா சந்திரா எட்டிப்பார்த்து, "எங்க அக்காவுக்கு வீட்டுக்குள்ள இன்னொரு வீடு" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

மதியம் சோறு, பருப்பு, நெத்தலிக் குழம்பு, வல்லாரைச் சம்பல். சாப்பிடும்போது மழைப் பேச்சு வந்தது. புஷ்பராணியின் தங்கை விஜயா நோர்வூட்டில் இருக்கிறாராம். டவுனுக்குப் பக்கத்தில் தட்டை நிலத்தில் கட்டிய சீமெந்துக்கல் வீடு. மழை மாதங்களில் வந்து இரு என்று வருடாவருடம் கூப்பிடுகிறாராம். போன பெருமழைக்கு அடுத்த தோட்டத்தில் ஒரு லயமே மண்ணுக்கடியில் போனபோது நேரிலேயே வந்து அழுதிருக்கிறார். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். புஷ்பராணி பெருமையாக மேசையைத் தட்டிக் காட்டினார். பிள்ளை இவ்வளவு செலவு செய்து பாதுகாப்பு பண்ணிக் கொடுத்திருக்கும்போது, அதை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் போய்ப் படுத்தால் பிள்ளை மனசு என்னவாகும் என்றார்.

ரப்பர் துண்டுகளை எடுத்து உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டே கால் மணி இருக்கும். வெளியே மறுபடி தூறல் போட்டிருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி, வீட்டுக்குப் பின்னாலேயே. தரை ஒருமுறை உதறியது. அடுக்கில் இருந்த தட்டுகள் விழுந்தன. நான் எழுவதற்குள் புஷ்பராணி என் தோளைப் பிடித்து அமுக்கி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார், அவரும் நுழைந்தார். ஒரு கை மேசைக் காலில், இன்னொரு கை என் தலைமேல். மகள் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. அவர் கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல், கல்லுக்குக் கல் தெரிந்தது. அந்தச் சுவர் சாய்ந்தால் இந்த மேசை எத்தனை நிமிடம் தாங்கும்? தாங்கினாலும் மேலே கிடக்கும் மலையை யார் வந்து தோண்டுவார்கள்?

எங்கள் இல்லத்துப் பயிற்சி ஒன்று நினைவுக்கு வந்தது. தர்ஷினி வேலைக்கு வருவதற்கு முந்தியது அது. எங்களோடு வேலை செய்யும் ஒரு நேபாளப் பெண் பயிற்சியாளரிடம், எங்கள் ஊரில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு, அங்கேயும் மேசைதானா என்று கேட்டாள். அவர், இந்த விதி நிற்கும் வீட்டுக்கானது, உன் வீடு நிற்காது என்றால் முடிந்தவரை வெளியே ஓடிவிடு என்றார். நானும் அங்கேதான் நின்று கேட்டேன். அதை டிக்கோயாவோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு மேசைக்கு அடியில் உட்கார வேண்டியிருந்தது.

சத்தம் அடங்கி வெளியே வந்தோம். லயத்துக் கழிவறைக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு பகுதி சரிந்து, கழிவறைக் கதவைப் பாதி மூடியிருந்தது. யாருக்கும் அடியில்லை. மற்ற ஐந்து குடும்பமும் ஓடிவந்து லயத்தின் ஓரத்திலிருந்த பெரட்டுக்களத்தில் நின்றிருந்தார்கள். தினமும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம் அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வேலை நாளில் நிற்கிற அதே வரிசையில் நின்றார்கள். ஓடு என்றால் கால் அங்கேதான் போகும். மகேந்திரன்கூட வண்டியை விட்டுவிட்டு அங்கேதான் நின்றார். புஷ்பராணி அவர்களைப் பார்த்தார், பிறகு அவர்களுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தார். களத்துக்கு நேர் மேலே அதே மண்மேடு, இன்னும் ஓர் ஆள் உயரம் அதிகமாக.

"மேல பாருங்கடி. அங்க போயி நிக்கிறீங்களே" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். சந்திரா இடுப்பில் சின்னவளோடு நின்று, "சரி, எங்க போறது?" என்று கேட்டார். எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். பின்னால் மலை. முன்னால் செங்குத்தாக இறங்கும் தேயிலை, அதன் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கோயிலும் பள்ளிக்கூடமும், நடுவில் ஒரு பலகைப் பாலம். சரிவு வந்தால் மண்ணும் தண்ணீரும் முதலில் இறங்குவது அந்த ஓடையில்தான். பிறகு மழை வலுத்தது, குழந்தைகள் நனைகின்றன என்று சொல்லி ஒவ்வொருவராகத் தத்தம் காம்பராவுக்குள் போய்விட்டார்கள்.

ஆண்கள் சிலர் கழிவறைப் பக்கத்து மண்ணை வெட்டி ஒதுக்கப் போனார்கள். மகேந்திரனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நானும் புஷ்பராணியும் உடைந்த தட்டுகளைப் பொறுக்கினோம். அவருக்கு மேசைமேல் பாசம் இன்னும் கூடியிருந்தது. இன்றைக்கு நம்மைக் காப்பாற்றிவிட்டது பாருங்கள் என்றார். ஒரு தாய் தன் பிள்ளையின் சொல்லை நம்பிக் குனிந்து நுழையும் இடத்தை எப்படித் தப்பு என்பது? ஆனால் சொல்லாமல் வண்டி ஏறினால், ஜூன் மழையில் நான் எப்படிச் சோறு வடிப்பேன்? சொல்லிவிட்டேன். அங்கே வீடு நிற்கும், உள்ளேயிருக்கும் அலமாரியும் கண்ணாடியும்தான் மேலே விழும், அதற்குத்தான் மேசை. இங்கே வீடே விழும், மலை அதன்மேல் விழும். ஆடினால் வெளியே ஓடுங்கள், மழை என்றால் அதற்கும் முன்பே கிளம்புங்கள் என்றேன்.

அவர் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். "அப்ப எம்புள்ள சொன்னது தப்புங்களா தங்கச்சி?"

தப்பில்லை, அந்த ஊருக்குச் சரி என்றேன். அவர் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். தர்ஷினிக்கு இது தெரிய வேண்டாம். அவள் அங்கே ஒண்டியாக இருக்கிறாள், அம்மா மேசைக்கு அடியில் பத்திரம் என்ற நினைப்பில்தான் தூங்குகிறாள், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஆறரை மணிக்கு அழைப்பு வந்தது. ஜப்பானில் இரவு பத்து. தர்ஷினி வேலை முடித்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே இருப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ரப்பர் ஒட்டியாச்சா என்றுதான் முதல் கேள்வி. அடுத்தது வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கட்டளை. கைப்பேசியை நான் பிடித்துக்கொள்ள, புஷ்பராணி சேலையைச் சொருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்க் காலைப் பிடித்துக்கொண்டார். இன்னும் உள்ளே, தலையை மறையுங்கள் என்று தர்ஷினி சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அங்கே உட்கார்ந்தபடியே புஷ்பராணி பேசத் தொடங்கினார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இன்னைக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சிச்சு. எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா பாத்துட்டேன். ஆடுனப்புறம் ஓடுறதுக்கு இங்க எங்களுக்கு எடமே இல்ல. அதனால நான் மழைக்கு முந்தியே ஓடிர்றேன். சித்தி வீட்டுக்கு."

திரையில் தர்ஷினியின் முகம் சின்னதாகிவிட்டது. மேசை போதும் என்று நினைத்தேன் அம்மா என்றாள்.

"போதுந்தான், ஒன் வீட்டுல. நீ அங்க ஓடிராத, அடியிலயே இரு. அங்க ஒன்னையப் புடிச்சுக்க வீடு இருக்கு பாப்பா."

அவள் அழுதாள், நானும் அழுதேன். புஷ்பராணி மட்டும் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சாப்பிட்டாயா என்று மகளைக் கேட்டார். கிளம்பும்போது, கொண்டுவந்ததை ஒட்டிவிட்டுப் போங்கள், பிள்ளை ஆசையாக வாங்கினது என்றார். நான்கு துண்டுகளையும் ஒட்டினேன். நன்றாகப் பிடித்தது.

மறுநாள் திங்கட்கிழமை, எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று நுவரெலியாவுக்குப் போனேன். தலவாக்கலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 240 ரூபாய். மரக்கறிச் சந்தையில் வெங்காயத்தாள் மாதிரி இரண்டு விரல் தடிமனுள்ள லீக்ஸ் கட்டுகளைப் பார்த்தால் வாங்காமல் வரமாட்டீர்கள். பிறகு ஒரு பெரிய ஹோட்டலின் தோட்டத்தில் தேநீர் குடித்தேன், 1,800. புல்வெளி நடுவில் பச்சைப் பலகை ஒன்று நட்டிருந்தது. நான்கு மூலையிலிருந்தும் அம்புகள், நடுவில் மனிதர்கள், ஆபத்து நேரத்தில் கூடும் இடம் என்று மும்மொழியிலும் எழுதியிருந்தது. எங்கள் ஜப்பானிய இல்லத்துக்கு எதிரிலும் இதே பலகை உண்டு. தட்டையான, திறந்த, எந்த மலையும் மேலே இல்லாத இடம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்குத் தேநீர் ஆறிப்போனது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று நான் பெரிதாக யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் இருக்கிறது.

நில நடுக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அது எவ்வளவு பெரியது என்றுதான் கேட்கிறோம். யார் தலைக்கு மேல் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். அதே ஆட்டம் ஓர் ஊரில் கோப்பையை உடைக்கிறது, இன்னோர் ஊரில் குடும்பத்தையே கொண்டுபோகிறது. ஜப்பானிலும் எல்லோருக்கும் நல்ல வீடு என்று சொல்லமாட்டேன். பழைய மரவீட்டில் தனியாக இருக்கும் கிழவர்களுக்கு எங்கள் இல்லத்தின் சுவர் கிடைப்பதில்லை. ஆனால் அங்கே ஓட வேண்டிய இடத்தை ஓடுவதற்கு முன்பே யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். போனால் ஒரு போர்வையும் சூடான கஞ்சியும் தருவார்கள். அந்த யோசனைக்குப் பணமும் வேண்டும், எதிரில் இருப்பவர் உயிர்மேல் மதிப்பும் வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். மே கடைசிக்குப் பிறகு ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், அப்போது மலைப்பாதை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரயிலை நம்பித் திட்டமிடாதீர்கள், நிலையத்தில் முதல்நாள் கேளுங்கள். லயங்களைச் சுற்றுலா இடமாக நினைத்து எட்டிப்பார்க்காதீர்கள், அவை வீடுகள். யாராவது அழைத்தால் போங்கள், பிஸ்கட்டுக்குப் பதில் நல்ல பிளாஸ்டிக் வாளி வாங்கிப்போனால் உபயோகமாக இருக்கும். தங்கும் இடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் புது விரிசல், மரம் சாய்ந்திருப்பது, ஊற்று திடீரெனக் கலங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். வெளியூரில் கற்ற பாதுகாப்பு விதியை அப்படியே யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். முதலில் சுவரைப் பாருங்கள். நான் நிபுணர் இல்லை, சமையல்காரி. அங்கேயிருக்கும் அதிகாரிகளின் எச்சரிக்கையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஜூன் வந்துவிட்டது. முந்தாநாள் காலை தர்ஷினி சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஹட்டனில் நல்ல மழை, அம்மா நோர்வூட் போய்விட்டார் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் மட்டும் இன்னும் போகாமல் வெங்காயத் தோலைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். என்ன என்றேன்.

அம்மா போன மறுநாளே திரும்பி லயத்துக்குப் போய்விட்டாராம். சந்திராவும் குழந்தைகளும் அங்கேயே இருக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "அவங்களுக்கு நோர்வூட்ல தங்கச்சி இல்லையேக்கா" என்றாள் தர்ஷினி. அதனால் புஷ்பராணி போய்ச் சந்திரா குடும்பத்தையும், அதற்கடுத்த காம்பராவில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். விஜயாவின் வீடு இரண்டே அறை. இப்போது அதில் பதினோரு பேர்.

சித்தி என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலைக்கா. பெரிய சட்டி ஒண்ணு இரவல் வாங்கப் போயிட்டாங்களாம்."